நெப்ராஸ்காவின் சிவப்புச் சட்டைக்காரர்கள்

கேள்வி இதுதான்: "லிங்கனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் ஊரே சிவப்புச் சட்டையில் அலைகிறது. விசாரித்தால், இந்தக் கல்லூரி ஃபுட்பால் அணி பெரிதாக எதையும் ஜெயித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த வெறி? எனக்கும் பிடிக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?"

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வெறி வெற்றியால் வளர்ந்தது உண்மை. ஆனால் இன்றைக்கு அது நிற்பது வெற்றியை நம்பி இல்லை. இன்னொன்று, இங்கே பலர் ஒத்துக்கொள்ளாதது: அணி இவ்வளவு காலம் தடுமாறியதில் ரசிகர்களுடைய பக்திக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த இரண்டும் புரிந்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை மாலை ஏன் யாரோடும் பேசாமல் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் புரியும்.

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்டம் புதிதென்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. உதைக்காமல் இன்னொரு முறை எல்லைக்குள் கொண்டுபோகத் துணிந்தால் 2 புள்ளி. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

அமெரிக்காவின் நடுவே இருக்கும் நெப்ராஸ்கா மாநிலம் பரப்பளவில் பெரியது, மக்கள்தொகையில் சின்னது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 19.6 லட்சம் பேர். மேற்கே ஸ்காட்ஸ்பிளஃப்பிலிருந்து கிழக்கே ஒமாஹாவுக்குச் சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய மாநிலத்தில் ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால் எதற்கும் முன்னணித் தொழில்முறை அணி கிடையாது. மேற்கில் மாடு மேய்ப்பவருக்கும் ஒமாஹாவில் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பொதுவாகப் பேச வேறு என்ன இருக்கிறது? பள்ளிக்கூட வரியைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். மிச்சம் இருப்பது கார்ன்ஹஸ்கர்ஸ், சுருக்கமாக ஹஸ்கர்ஸ். 1900 வாக்கில் ஒரு பத்திரிகையாளர் சூட்டிய பெயர் அது. அதற்கு முன்னால் இவர்களைப் பூச்சி தின்னிகள் என்ற பொருளில் 'பக்ஈட்டர்ஸ்' என்று கூப்பிட்டார்கள். நல்ல வேளை, மாற்றினார்கள்.

மெமோரியல் ஸ்டேடியம் 1923-இல் திறந்தது. விரிவாக்கி விரிவாக்கி இன்றைக்கு 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். அது நிறையும் நாளில் ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மைதான்.

1962 நவம்பர் 3 அன்று மிசௌரி அணியோடு மேட்ச். சுமார் 36,500 பேர், ஸ்டேடியம் நிரம்பியது. அன்று தொடங்கி இன்று வரை லிங்கனில் நடந்த ஒரு மேட்சுக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது கணக்கு. 2024-இல் அந்த எண்ணிக்கை 400-ஐத் தொட்டது. கல்லூரி ஃபுட்பாலில் இதற்குப் பக்கத்தில்கூட வேறு யாரும் இல்லை. கொரோனா வருடமான 2020-இல் ரசிகர்களை உள்ளே விடவில்லை, அதனால் அந்த வருடம் கணக்கில் சேராது. இதில் எனக்குப் பிடித்த விவரம், அந்த முதல் மேட்சில் நெப்ராஸ்கா 16-7 என்று தோற்றது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சங்கிலியே ஒரு தோல்வியில்தான் ஆரம்பமாகிறது!

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். அணி மோசமாக ஆடிய சில வருடங்களில் டிக்கெட் தானாகத் தீரவில்லை. மிச்சத்தைப் பணக்காரக் கொடையாளர்கள் மொத்தமாக வாங்கினார்கள். 2021-இல் ஒரு திட்டம் தொடங்கி, அப்படி வாங்கிய டிக்கெட்டுகளை மேட்ச் பார்க்க வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இதை ஏமாற்று வேலை என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்று கைக்காசைப் போடும் ஆள் இருக்கும் வரை அதுவும் பக்தியில்தான் சேரும்.

சரி, வெற்றிக் காலத்துக்கு வருவோம். 1962-இல் பாப் டெவானி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன்பு பல வருடம் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த வருடம் முதல் 2001 வரை தொடர்ந்து நாற்பது சீசன்கள், தோல்வியைவிட வெற்றி அதிகம். 1970, 1971 இரண்டிலும் டெவானி தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினார். 1971 நவம்பர் 25, நன்றி நவிலும் நாள், ஓக்லஹோமா அணியோடு அவர்களுடைய ஊரிலேயே மேட்ச். முதலிடத்தில் இருந்த அணியும் இரண்டாம் இடத்தில் இருந்த அணியும் மோதின. ஆரம்பத்திலேயே ஜானி ராட்ஜர்ஸ் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, முதல் இடியில் தடுமாறி, கையை ஊன்றிச் சமாளித்து, 72 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். முடிவு 35-31. வானொலியில் வர்ணித்த லைல் பிரெம்சருக்கு உற்சாகம் வந்தால் "மேன், உமன் அண்ட் சைல்ட்!" என்று கத்துவார். அந்த ஓட்டத்துக்கு அவர் கத்தியதை, அப்போது பிறந்தேயிராதவர்கள்கூட இன்றைக்கு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

டெவானிக்குப் பிறகு 1973-இல் டாம் ஆஸ்போர்ன். மாநிலத்து ஆள், ஹேஸ்டிங்ஸ் ஊர்க்காரர். அதிகம் பேசமாட்டார், ஆடுகளத்தில் கூச்சல் போடமாட்டார். 25 வருடத்தில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. இப்படி எழுதினால் சுகமாக இருக்கிறது. ஆனால் முதல் ஐந்து வருடமும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். முதல் தேசியப் பட்டத்துக்கு 1994 சீசன் வரை காத்திருந்தார். இங்கே அவரைக் கொண்டாடுவது பட்டங்களுக்காக மட்டும் என்று நினைத்தால் தவறு. 1984 ஜனவரி 2 இரவுக்காகவும்தான்.

மயாமியில் ஆரஞ்ச் பவுல், சீசன் முடிவில் நடக்கும் பெரிய மேட்ச். நெப்ராஸ்கா 1983 சீசன் முழுக்கத் தோற்காமல் வந்திருந்தது. மைக் ரோஸியர் என்ற ஓட்டக்காரர் அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியிருந்தார். எதிரே மயாமி அணி, சொந்த மைதானத்தில். நெப்ராஸ்கா 17-0 என்று பின்தங்கி, எட்டிப் பிடித்து, மறுபடியும் 31-17 என்று பின்தங்கியது. ரோஸியர் காயம்பட்டு வெளியே போய்விட்டார். 31-24 ஆனது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது நான்காவது முயற்சி, எட்டு கெஜம் தேவை. அதில் ஜெஃப் ஸ்மித் 24 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். 31-30, மிச்சம் 48 வினாடி.

அந்தக் காலத்தில் கல்லூரி ஃபுட்பாலில் கூடுதல் நேரம் கிடையாது. பந்தை உதைத்து 1 புள்ளி எடுத்தால் டிரா. டிரா ஆகியிருந்தாலும், அப்போது வாக்கெடுப்பில் முடிவான தேசியப் பட்டம் அநேகமாக நெப்ராஸ்காவுக்குத்தான். ஆஸ்போர்ன் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை, 2 புள்ளிக்குப் போனார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டர்னர் கில் வீசினார். மயாமியின் கென்னி கல்ஹூன் விரல் நுனியால் தட்டிவிட்டார். பந்து விழுந்தது, பட்டமும் போயிற்று.

அந்த முடிவைப் பற்றி இங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தப்பு என்று சொல்பவர் அபூர்வம். ஸ்டேடியத்தின் ஒரு மூலையில் தத்துவப் பேராசிரியர் ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் எழுதிய வரிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெற்றி பெரிதல்ல செயல்தான் பெரிது, இலக்கு பெரிதல்ல ஆட்டம்தான் பெரிது, புகழ் இருப்பது செய்கையிலேயே என்பது அதன் சாரம். ஸ்டேடியம் கட்டிய காலத்து வரிகள் அவை. ஆஸ்போர்ன் அந்த இரவு அதை நடத்திக் காட்டினார் என்பது ரசிகர்களின் எண்ணம். தோல்வியைச் சொத்தாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம்.

பிறகு பட்டங்களும் வந்தன: 1994, 1995, 1997. கடைசி ஐந்து சீசனில் 60 வெற்றி, 3 தோல்வி. 1997 பட்டத்தை மிச்சிகனோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது; அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் பெரியவர்கள் முகம் சிவக்கும். ஓய்வுக்குப் பின் ஆஸ்போர்ன் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அபார வாக்குகளில் போனார். ஆனால் 2006-இல் ஆளுநர் வேட்பாளராவதற்கான கட்சித் தேர்தலில் தோற்றார். சாமியாகக் கும்பிடுவார்கள், ஓட்டுப் போடும்போது தனியாக யோசிப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: ஏன் இந்தப் பிடிப்பு? என்னைக் கேட்டால் பட்டங்களைவிட முக்கியமான காரணம் 'வாக்-ஆன்' பையன்கள். கல்லூரிகள் இத்தனை பேருக்குத்தான் உதவித்தொகை கொடுக்கலாம் என்று 1970-களில் உச்சவரம்பு வந்தது. பிறகு அது படிப்படியாக 85 வரை குறைந்தது. நெப்ராஸ்கா இதற்கு ஒரு வழி கண்டது. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர வரும் உள்ளூர்ப் பையன்களைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக்கொண்டார்கள். முந்நூறு பேர் இருக்கும் கிராமத்துப் பள்ளியில் பதினொரு பேர் சேராமல் எட்டு பேர் ஆட்டம் ஆடி வளர்ந்த பையன்கள் அவர்கள். வந்ததும் யாரும் அவர்களைக் களத்தில் இறக்கவில்லை. வருடக்கணக்கில் பயிற்சியில் அடி வாங்க வேண்டும், எடை தூக்க வேண்டும். 1969-இலேயே பாய்ட் எப்லி என்பவரை உடற்பயிற்சிக்கென்றே தனிப் பயிற்சியாளராக வைத்த கல்லூரி இது. நான்காவது வருடம் அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பையன் இருபது நிமிடம் ஆடுவான். அந்த இருபது நிமிடத்துக்கு அவனுடைய கிராமம் முழுக்கக் கார்களில் கிளம்பி வரும். மாநிலத்தின் எந்த மூலைக்குப் போனாலும் "எங்கள் ஊர்ப் பையன் ஹஸ்கர்ஸில் ஆடினான்" என்று காட்ட ஒருவர் இருப்பார், பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டோ சோளம் போட்டுக்கொண்டோ. டிவியில் பார்க்கும் நட்சத்திரம் வேறு, உங்கள் அப்பாவுக்கு உரம் விற்கிறவரின் மகன் வேறு.

சீசன் டிக்கெட்டும் இப்படித்தான். தாத்தா வாங்கிய இரண்டு இருக்கை அப்பாவுக்கு வந்து, பேத்திக்குப் போகும். பக்கத்து இருக்கைக்காரரும் அதே மாதிரி. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வீட்டுப் பெயர் தெரியாது. ஆனால் அவர் மனைவி இறந்த வருடம் தெரியும், ஏனென்றால் அந்த செப்டம்பரில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. இந்தப் பழக்கத்தை ஒரு தோல்வி சீசன் என்ன செய்துவிடும்?

அப்புறம் அந்தச் சரிவு. 2003-இல் பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச் 9 வெற்றி, 3 தோல்வியோடு சீசனை முடித்தார். விளையாட்டுத் துறை இயக்குநர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். அணி சுமாரான நிலைக்குச் சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு முதல் தோல்வி சீசன். அதே 2004-இல் டெக்சஸ் டெக் அணியிடம் 70-10. மூன்று வருடம் கழித்து கன்சஸ் அணியிடம் 76-39. சுமார் நிலையைத் தவிர்க்கப் போய் அதற்கும் கீழே இறங்கினார்கள். 2008-இல் வந்த போ பெலினி ஏழு வருடமும் குறைந்தது ஒன்பது மேட்ச் ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு வருடமும் நான்கு தோல்வி, அதிலும் சில கண்றாவியான தோல்விகள். அவரும் போனார்.

இங்கேதான் பக்தியின் பங்கு என்று நான் சொன்னது. 1990-களின் நினைவு தலைக்குள் உட்கார்ந்துகொண்டால் ஒன்பது வெற்றி அவமானமாகத் தெரியும். ரசிகர்கள் எல்லாரும் சோலிச்சைத் துரத்தச் சொல்லவில்லை, பலர் கொதித்தார்கள். ஆனால் 'நமக்கு இது போதாது' என்ற காற்று மாநிலம் முழுக்க இருந்தது, நிர்வாகம் அதைத்தான் சுவாசித்தது. ஓக்லஹோமாவோடு வருடந்தோறும் மோதும் பகை 1990-களின் கடைசியிலேயே நின்றுபோயிருந்தது; 2011-இல் பழைய கூட்டமைப்பை விட்டு பிக் டென் என்ற கூட்டமைப்புக்கு மாறியதில் மிச்சமிருந்த மோதலும் கைவிட்டுப் போனது. பணக் கணக்கில் அந்த முடிவு சரி. ஆனால் பகைவன் இல்லாத ரசிகனுக்கு நவம்பர் மாதம் உப்புச் சப்பில்லாமல் போய்விடுகிறது.

பிறகு மகன் வீடு திரும்பினான். ஸ்காட் ஃபிராஸ்ட், வுட் ரிவர் என்ற சிற்றூர்ப் பையன், 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக். 2017-இல் மத்திய ஃப்ளோரிடா அணியை ஒரு தோல்விகூட இல்லாமல் நடத்திவிட்டு இங்கே பயிற்சியாளராக வந்தார். மாநிலமே ஆரத்தி எடுக்காத குறை. விளைவு: 16 வெற்றி, 31 தோல்வி. 2021 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 3-9, அந்த ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். பெரிதாகத் தோற்றால் டிவியை அணைத்துவிட்டுப் போகலாம். இவர்கள் கடைசி நிமிடம் வரை உட்கார வைத்துத் தோற்றார்கள். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற, காசு கொடுத்து விருந்தாளியாக அழைத்த சின்ன அணியிடம் 45-42. மறுநாள் ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய சுமார் 1.5 கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை.

2023 முதல் மேட் ரூல் பயிற்சியாளர். 2024-இல் ஆறு மேட்ச் ஜெயித்து, 2016-க்குப் பிறகு முதல் முறையாக சீசன் முடிவில் நடக்கும் பவுல் மேட்சுக்குத் தகுதி பெற்றார்கள். நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தார்கள். 40 வருடம் ராஜாவாக இருந்தவர்கள் இதற்கு அழுது கட்டிப்பிடித்ததைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. நல்லதும்தான் என்று நினைக்கிறேன். ஆறு வெற்றியின் ருசி தெரிந்தவர்கள் இனிமேல் ஒன்பதைத் திட்டமாட்டார்கள்.

இங்கே ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் முடிந்து எதிரணி வெளியேறும்போது எழுந்து கைதட்டுவார்கள், தோற்றாலும். 1999-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்ட் ஜெயித்தபோது கூட்டம் எழுந்து நின்று தட்டியதே, அந்த மாதிரி; ஆனால் இங்கே ஒவ்வொரு மேட்சுக்கும். நுழைவாயில்களில் 'கல்லூரி ஃபுட்பாலின் மிகச் சிறந்த ரசிகர்கள் இந்த வழியே போகிறார்கள்' என்று எழுதியிருக்கும். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் 2013 ஏப்ரலில் பயிற்சி மேட்ச் ஒன்றில் மூளைப் புற்றுநோயோடு போராடிய ஏழு வயது ஜாக் ஹாஃப்மனிடம் பந்தைக் கொடுத்து, அவன் 69 கெஜம் ஓடி டச்டவுன் போட்டபோது இரண்டு பக்க வீரர்களும் சேர்ந்து தூக்கினார்கள். அன்று வந்திருந்தது 60,000 பேர், பயிற்சி மேட்சுக்கு! ஜாக் 2025 ஜனவரியில் இறந்தபோது மாநிலமே துக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே ஸ்டேடியத்தில் பெண்கள் வாலிபால் மேட்சுக்கு 92,003 பேர் வந்தார்கள். அந்த அணி உண்மையிலேயே நன்றாக ஆடுகிறது என்பது கூடுதல் ஆறுதல்.

இப்போது காலம் மாறுகிறது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வருடா வருடம் கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. நான்கு வருடம் காத்திருந்து இருபது நிமிடம் ஆடும் பையன் இனி எத்தனை பேர் வருவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. வீரர்களுக்குக் காசு கிடைப்பது நியாயம், அதில் எனக்குத் தகராறு இல்லை. பெயரை மனப்பாடம் செய்வதற்குள் ஆள் வேறு சட்டைக்குப் போய்விடுகிறான் என்பதுதான் குறை.

நீங்கள் தொடங்குவதற்கு: மாணவர் டிக்கெட் வாங்குங்கள், வெளியில் வாங்குவதைவிட மலிவு. முதல் மேட்சுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் ஸ்டேடியத்தைச் சுற்றி நடங்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டியிருக்கும் யாராவது கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். 'ரன்ஸா' என்ற ரொட்டியை எல்லாரும் நீட்டுவார்கள். உள்ளே மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் இருக்கும்; சாப்பிடாதவர் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காரமான மிளகாய்க் குழம்போடு இலவங்கப்பட்டை ரோலைச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். தற்காப்பு அணியை 'பிளாக்‌ஷர்ட்ஸ்' என்பார்கள். பயிற்சியில் அவர்கள் போடும் கறுப்பு ஜெர்சியால் வந்த பெயர். சிவப்புச் சட்டை ஒன்று போதும். ஆனால் அயோவாவோடு ஆடும் வாரம் கறுப்பும் மஞ்சளும் சேர்ந்த எதையும் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

நவம்பர் மேட்சுக்குப் போனால் இருக்கை பெரும்பாலும் அலுமினிய பெஞ்ச், குளிர் எலும்பு வரை ஏறும். மடித்து உட்கார ஒரு கனமான துணி, காலுக்கடியில் போட ஓர் அட்டைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, உள்ளே விடும் அளவை முன்னாலேயே பார்த்துவிடுங்கள். மூன்றாவது கால்பகுதியில் பின்தங்கியிருந்தாலும் எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எதுவும் சொல்லமாட்டார், ஆனால் பார்த்து வைத்துக்கொள்வார்.